கோழியா, ஊதலா?

போன மாதம் நாம் ஐந்தாறு பேர் மிளகுக் கொடிகளுக்கு அடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். ஓடைக்கு அந்தப்பக்கத்துச் சரிவில் ஏதோ கூவியது. உங்களில் ஒருத்தி என் முழங்காலைத் தட்டி, "காட்டுக்கோழிதான அது? உனக்குத்தான் சின்னதுலயே பாம்புக் காதாச்சே, சொல்லு" என்றாள். நான் காதில் இருந்த மெஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மகன் சேலம் வரைக்கும் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்த மெஷினை இப்படிக் கழற்றி வீசுகிறாளே, கிழவிக்கு எவ்வளவு திமிர் என்று பிறகு நீங்கள் பேசிக்கொண்டீர்களாம். காது மந்தமானாலும் அந்த மாதிரிப் பேச்சு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.

திமிர் இல்லை. வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சத்துணவு ஆக்கிப்போட்ட காலத்து நோட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் எழுதி வைக்கிறேன். உங்களில் எழுத்து மறக்காதவள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். ஊரில் இருந்த, பறவை போலக் கூவும் ஊதல்களை எல்லாம் பெரியவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிடுங்கிக் கோயிலுக்கு முன்னால் குவித்து எரித்தார்கள். உங்களில் பாதிப் பேர் மண்ணில் புரண்டு அழுதீர்கள். நான் மட்டும் அழாமல் நின்றேன். மாமனைப் பறிகொடுத்த பிள்ளை, அதிர்ச்சியில் கல்லாகிவிட்டது என்று ஊரே இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

ஊதல்களைச் செதுக்கியவர் என் மாமன், அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பெற்றவர்கள் இருவரும் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தாள். கல்யாணமாகி இந்த மலையில் நம் அரியூர் நாட்டுக்கு வந்தபோது அவரையும் கையோடு கூட்டி வந்துவிட்டாள். நான் சொல்லும் காலத்தில் அவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். ஏர்க்கால், மண்வெட்டிக் காம்பு, உரல், கதவு நிலை என்று மரத்தில் ஆகவேண்டியது எதுவானாலும் ஊரார் அவரைத் தேடித்தான் வருவார்கள். வந்தவர்களை நாலு நாள் அலைய விட்டு, இவர் ஓடைப் பாறைமேல் உட்கார்ந்து ஊதல் செதுக்கிக்கொண்டிருப்பார்.

"ஏன்டா தம்பி, ஊரான் ஏர்க்காலு வெயில்ல காஞ்சு வெடிக்குது. நீ பீப்பீ செஞ்சிட்டு உக்காந்திருக்கற. உனக்குக் கண்ணாலம் பண்ணி வச்சா பொண்டாட்டிக்கு ஊதலத்தான் பொங்கிப் போடுவியா?" என்று அம்மா கத்துவாள்.

"ஏர்க்காலு எவன் வேணா செய்வான்க்கா" என்பார் அவர், தலை நிமிராமல்.

வெட்பாலைக் கட்டைதான் அவருக்குப் பிடித்தது. வெட்டினால் பால் வடியும், காய்ந்தால் வெள்ளை வெளேரென்று ஆகும், கத்தி சொன்னபடி கேட்கும். நடுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, பழுக்கக் காய்ச்சின கம்பியால் துளை போடுவார். அப்போது எழும் கருகல் வாசனையை இந்த வயதிலும் மூக்கு மறக்கவில்லை. மூங்கில் சீவலில் மெல்லிய நாக்குச் செய்து உள்ளே செருகி, தேன்மெழுகால் ஓரத்தை அடைப்பார். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்ப்பார். புறாவுக்கு வாய் அகலமான ஊதல். செம்போத்துக்குச் சுரைக்குடுக்கையின் கழுத்தைச் சேர்த்த ஊதல். மைனாவை மட்டும் பாதியில் கைவிட்டுவிட்டார். "அது ஓட்டுக் கேக்க வாரவன் மாதிரி, நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுது" என்றார். வேண்டாததாகிப்போனதையெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். நீங்கள் கழுத்தில் கயிறு கோத்துப் போட்டுக்கொண்டு திரிந்தவை அவைதான்.

அவர் நினைத்தபடி வராதது காட்டுக்கோழி ஊதல். உரக்கக் கூவும் பகுதி எல்லோருக்கும் வரும். குக்… கயா கயா… குக். ஆனால் சேவல் அதோடு நிறுத்தாது. கூவி முடித்த பிறகு தொண்டைக்குள்ளேயே, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல, க்யூக்கு… க்யூக்கு… என்று இழுக்கும். பத்தடி, இருபதடிக்குள் இருப்பவர்களுக்குத்தான் அது கேட்கும். அந்தக் கடைசி இழுப்புக்காக மாமன் இரண்டு வருஷமாக மரத்தை வீணடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு விடிகாலை சாமை அறுத்த தாள்காட்டுக்கு என்னை அழைத்துப் போனார். இருவரும் கல்லுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். எறும்பு காலைப் பிடுங்கியது, அசைந்தால் அடி என்று சொல்லியிருந்தார். அவர் ஊத, கொஞ்ச நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு சேவல் வந்தது. கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் மெழுகு சொட்டி உறைந்தது போல ஒரு புள்ளி. வால் கறுத்து வளைந்து பனியில் மினுங்கியது. இத்தனை வயதுக்கும் அவ்வளவு அழகான ஒன்றை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. தலையைச் சாய்த்து, அடுத்த இழுப்பு வருகிறதா என்று கேட்டது. வரவில்லை என்றதும் எங்களை மதிக்காமல் திரும்பி நடந்தது.

"புடிச்சுப்போட்டான் பாரு, கள்ளன்" என்றார் மாமன். அவர் முகத்தில் தோற்ற சந்தோஷம் இருந்தது. அவர் கோழி தின்ன மாட்டார். கிட்டே வரவைத்துப் பார்ப்பதுதான் அவருக்கு வேண்டியது.

எங்களுக்குள் ஒரு விளையாட்டும் இருந்தது. நான் பலாமரத்தில் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் எங்காவது போய் மறைந்துகொள்வார். காட்டில் உண்மையான சேவல்களும் கூவும், நடுநடுவே இவரும் ஊதுவார். ஒவ்வொன்றுக்கும் நான் "கோழி!" அல்லது "ஊதல்!" என்று கத்த வேண்டும். ஒருநாளும் தப்பியதில்லை. தெரியவில்லை என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சொல்லே எனக்கு அப்போது வராது. வகுப்பில் வாத்தியார் எதைக் கேட்டாலும் முந்திரிக்கொட்டையாக எதையாவது சொல்லிவிடுவேன், பாதி சரியாக இருக்கும். உங்களுக்குத்தான் என்னைப் பார்த்து எரிச்சலாக வருமே.

அப்பா வேறு மாதிரி ஆள். அதிகம் பேச மாட்டார். சிரிப்பு வந்தால் இருமி மறைத்துக்கொள்வார். வீட்டுப் பரணில் சாக்குக்குள் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. இப்போது அதை வைத்திருந்தாலே ஜெயில், காட்டுக்கோழியைச் சுட்டாலும் ஜெயில். அப்போதும் அது தப்புத்தான், கேட்பதற்கு ஆள் வரவில்லை, அவ்வளவே. அப்பாவுக்கும் மாமனுக்கும் நல்ல ஒட்டுதல். "மாப்ளே" என்று அவரும் "மச்சான்" என்று இவரும் கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டால் அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். ஒருவர் கோழியை வரவைத்துப் பார்க்கிறவர், இன்னொருவர் வந்ததைச் சுடுகிறவர் என்பது அவர்களுக்கு ஒரு கேலிப் பேச்சாக மட்டுமே இருந்தது.

அந்தத் தை மாதம் அப்பாவோடு நான் காட்டுக்குப் போயிருந்தேன். புதருக்குள் கூவல் கேட்டது. அப்பா துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைத்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அப்பா, அது ஊதலுங்க" என்றேன்.

அடுத்த நொடி புதருக்குள்ளிருந்து மாமன் தலையெல்லாம் சருகோடு எழுந்தார். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் என்னையே பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "என்ற புள்ளைக்குப் பாம்புக் காதுங்க" என்று அப்பா கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். வேட்டைக்குப் போகிற நாலைந்து பேர் எங்கள் வீட்டு வாசலில் கூடி ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊதலோடு காட்டுக்குள் போகிறவன் பாதை வாயில் ஒரு பச்சைத் தழையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும், தழையின் நுனி போன திசையைப் பார்த்திருக்க வேண்டும். இது ஏற்கெனவே இருந்த வழக்கம்தான், அதைக் கறாராக்கினார்கள். அதோடு புதிதாக ஒன்று. அப்பா சுடுவதற்கு முன்னால் என்னைக் கேட்க வேண்டும்.

புத்தி இருந்திருந்தால் துப்பாக்கி, ஊதல் இரண்டில் ஒன்றை அன்றைக்கே விட்டிருப்பார்கள். இரண்டையும் விட மனசில்லை. அதனால் நடுவில் என்னை நிறுத்தினார்கள். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய பட்டம் என்று நினைத்துப் பாருங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் நாலைந்து தடவை அப்பா என்னைக் கேட்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் நான் சொன்னது சரியாகவே இருந்தது.

பங்குனியில் மாமனுக்குப் பெண் அமைந்தது. பெரக்கரை நாட்டுப் பெண். அவர்கள் வீட்டார் விருந்துக்குக் கை நனைக்க வருவதாக நாள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா ஒரு வாரமாகத் தரையில் நிற்கவில்லை. வீட்டை மெழுகினாள், தினை இடித்தாள், மாமனுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தாள். வருகிறவர்களுக்குக் காட்டுக்கோழிக் குழம்பு வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னதும் அவள்தான்.

மாமன் அந்த நாட்களில் என்னிடம் எதையோ மறைத்தார். பாறைக்குப் போனால் செதுக்குவதை மடியில் போட்டு மூடிக்கொள்வார். "என்னங்க மாமா அது?" என்று கேட்டதற்கு, "இத்தன நாளா என்னயப் புடிச்சுப் புடிச்சுப் போடறயல்ல? இந்தவாட்டி புடி பாக்கலாம் சாமி" என்று கண்ணடித்தார். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டேன். ஊதலின் அடிப்பக்கத்தில் இன்னொரு சிறிய துளை, அதற்குள் இன்னொரு நாக்கு.

விருந்துக்கு முந்தின நாள் காலையில் அப்பா என்னை எழுப்பினார். மாமன் படுத்த இடம் காலியாக இருந்தது. ஏர்க்காலுக்கு மரம் பார்க்கப் போயிருப்பான் என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். நாங்கள் மேற்குச் சரிவுக்குத்தான் போவதாக இருந்தது. பாதி வழியில் பனிமூட்டம் முகத்தில் அடைத்தது, கை நீட்டினால் கை தெரியவில்லை. "ஓடச் சரிவுக்குப் போலாம் கண்ணு, அங்க கலஞ்சிருக்கும்" என்று அப்பா திரும்பினார். மேல்பாதை வழியாக வந்தோம். பாதை வாயில் அப்பா நின்று தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தழை இல்லை.

மாமன் கீழே ஓடையிலிருந்து ஏறியிருந்தார். தழையை அந்தப் பாதை வாயில் போட்டிருந்தார், நுனி மேலே பார்க்கும்படி, கறாராக. பிறகு போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சரிவுக்கு மேலேயும் ஒரு வாய் இருக்கிறது என்பதை ஏற்பாடு செய்த பெரியவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

புதர் பக்கம் பனி லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. பலாப்பிஞ்சு உதிர்ந்து அழுகிய வாடை. அப்போது கூவியது. குக்… கயா கயா… குக். அப்பா உட்கார்ந்து துப்பாக்கியை ஊன்றினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி இழுப்புக்காகக் காத்திருந்தேன். வந்தது. க்யூக்கு… க்யூக்கு… க்யூக்கு… அடித்தொண்டையிலிருந்து, அச்சு அசலாக வந்தது.

புதரில் ஏதோ சாம்பலாக அசைந்தது.

"கோழியா, ஊதலா?" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமல்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சேவல் கூவும் முன் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். நம் வீட்டுச் சேவல் அடிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்று அந்தச் சத்தம் கேட்கவில்லை. பனியில் சத்தம் அமுங்கியிருக்கலாம். நான் கவனிப்பதற்கு முன்னால் அடித்திருக்கலாம். கேட்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. மனசுக்குள் ஒரு முள் நெருடியது. தெரியலீங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அப்பா துப்பாக்கியை இறக்கியிருப்பார். அது என் நாக்கு வரைக்கும் வந்தது. தெரியாது என்று சொல்கிற பிள்ளையை நாளைக்கு எதற்குக் கூட்டி வருவார்? பாம்புக் காது என்று யாரிடம் சொல்வார்? ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் இவ்வளவையும் நினைத்தேன்.

"கோழிங்க" என்றேன்.

வெடி வெடித்தது. மரத்தில் இருந்த பறவையெல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பியது. அந்த இரைச்சல் அடங்குவதற்குள் புதருக்குள்ளிருந்து "யக்கா!" என்று ஒரு குரல் வந்தது.

மாமனுடைய சாம்பல் நிறத் துண்டு அது. வயிற்றிலும் விலாவிலும் ரவை பாய்ந்திருந்தது. அப்பா அவரை மடியில் போட்டுக்கொண்டு, "மாப்ளே, மாப்ளே" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்தேன். கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கித் தூக்கினார்கள். வண்டி நிறுத்த அப்பா முன்னால் ரோட்டுக்கு ஓடிவிட்டார். நான் தூளியின் ஓரமாக ஓட்டமும் நடையுமாகப் போனேன். கம்பளியிலிருந்து சொட்டியது என் பாவாடையிலும் பட்டது.

பாதி வழியில் மாமன் கண்ணைத் திறந்தார். என்னைத் தேடுவது தெரிந்தது. குனிந்தேன்.

"கண்ணு… மச்சான் உன்னயக் கேட்டாரா?"

"கேட்டாருங்க மாமா."

"நீ என்னன்னு சொன்ன?"

"கோழின்னு சொன்னனுங்க."

"நெசமாலும் கோழின்னே நெனச்சயா?"

அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல? "நெசமாலுமுங்க மாமா. துளிகூடச் சந்தேகமில்லீங்க" என்றேன்.

உதடு காய்ந்து வெடித்திருந்தது. அதோடு சிரித்தார். "செயிச்சுப்போட்டேன் பாத்தயா" என்றார். அதற்குமேல் என்னிடம் எதுவும் பேசவில்லை. ரோட்டில் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று நின்றது, மூட்டைகளுக்கு மேலேயே அவரைக் கிடத்தினார்கள். பத்தாவது வளைவோ பதினோராவது வளைவோ இறங்கும்போது உயிர் போய்விட்டது. கீழே கொண்டுபோய் இனி என்ன ஆகப்போகிறது என்று லாரியை நிறுத்தி இறக்கி, அதே தூளியில் மேலே சுமந்து வந்தார்கள். மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று வெளியாருக்குச் சொல்லிக்கொள்வதாக ஊர் முடிவு செய்தது. மறுநாள் காலையில் வருவதாக இருந்த பெண் வீட்டார் துக்கத்துக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணை நான் பார்த்தேனா இல்லையா என்று நினைவில்லை. அம்மா இடித்து வைத்த தினைமாவு அடுக்குப் பானையிலேயே புழுத்தது.

மூன்றாம் நாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் பேசினார். இந்த ஊதலால் வந்த வினை இது, பறவையின் குரலை மரத்துக்குக் கொடுப்பது காட்டுத் தெய்வத்துக்கு அடுக்காது, இனி இந்த ஊரில் யாரும் ஊதல் செய்யவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்றார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சொல்வார்களே, அதை அன்றைக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. உங்கள் கழுத்திலிருந்து அறுத்து எடுத்தவற்றை எல்லாம் குவித்துக் கொளுத்தினார்கள். வெட்பாலை நன்றாக எரியும். மெழுகு உருகி, நெருப்பில் சில ஊதல்கள் தாமாகவே கீச்சென்று கத்தின. உங்களில் சிலருக்கு அது ஞாபகம் இருக்கும்.

துப்பாக்கியை யாரும் நெருப்பில் போடவில்லை. அப்பா அதன் பக்கமே திரும்பவில்லை. அவருடைய பங்காளி ஒருவர் அதற்கு எண்ணெய் தடவி, அதே சாக்கில் சுற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த வருஷம் அதே சரிவில் அது வெடித்த சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

கடைசி ஊதல் மட்டும் அகப்படவே இல்லை. புதருக்குள் எங்கோ விழுந்திருக்க வேண்டும். பெரியவளாகிக் கல்யாணமாகிற வரைக்கும் விறகு பொறுக்கும் சாக்கில் அந்தச் சரிவைத் துழாவியிருக்கிறேன். வெட்பாலை இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது என்று தெரிந்தேதான் தேடினேன்.

எரித்துவிட்டு வந்த அன்று அம்மா வாசலில் அப்பாவை நிறுத்தினாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"யாரக் கேட்டுச் சுட்டீங்க?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. "யாரையுங் கேக்கல. நானாத்தான் சுட்டேன்" என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசுவதை விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆக்கிப் போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சலில் கிடந்தபோது கஷாயம் வைத்தாள். ஆனால் எதுவானாலும் என் வழியாகத்தான். "உங்கப்பனச் சோறுங்கச் சொல்லு." "உங்கப்பன்கிட்ட மாடு காட்டுக்குள்ள போயிருச்சுன்னு சொல்லு." அவர் பதிலையும் நான்தான் கொண்டுபோவேன், மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட. என்னைக் கட்டிக்கொடுத்தது உள்ளூரில்தான் என்பதால் அதற்குப் பிறகும் தினம் ஒருமுறை போய் அவர்களுக்கு வாயாக இருந்துவிட்டு வருவேன். தாயும் தகப்பனும் உங்களுக்கு முன்னால் சண்டை போடுகிறார்கள் என்று சின்ன வயதில் நீங்கள் என்னிடம் அழுதிருக்கிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பதின்மூன்று வயதில் ஒருநாள் பொறுக்க முடியவில்லை. அப்பாவும் நானும் கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தோம். "நாந்தான் கோழின்னு சொன்னேன்னு அம்மாகிட்டச் சொல்லிப்போடறனுங்கப்பா" என்றேன்.

களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து என் எதிரே குந்தினார். "வேண்டாஞ் சாமி. அவளுக்கு ஒருத்தர் மேல கோவம் இருந்தாப் போதும். ஊட்டுல ரெண்டு பேரு மேல கோவத்த வச்சுக்கிட்டு அவ எப்பிடிப் பொழைப்பா?" என்றார்.

இறக்கைச் சத்தம் கேட்கவில்லை என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பெண்டாட்டியின் பேச்சை இழந்த மனுஷனுக்குப் பெண்ணிடமிருந்தாவது ஓர் உண்மை கிடைத்திருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் போனார். எடுத்துப்போவதற்கு முன் அம்மா அவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். காதருகே குனிந்து, "ஏனுங்க" என்றாள். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.

இந்தப் பங்குனியில் அம்மாவும் படுத்துவிட்டாள். கடைசி இருபது நாள் நான் அவளோடுதான் இருந்தேன். மெஷின் வாங்குவதற்கு முந்தின சமாச்சாரம் இது, என் காது அப்போதே பாதிக்குமேல் போயிருந்தது. ஒரு விடிகாலை வாசல் கூட்டிவிட்டு உள்ளே வந்தேன். அம்மா ஓடைப்பக்க ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னைக் கையசைத்து அருகே கூப்பிட்டாள். வாயருகே காதை வைத்தேன்.

"கூவுது பாரு கண்ணு. கோழியா, ஊதலா?"

அந்த வீட்டில் நாற்பத்தெட்டு வருஷமாக யாரும் வாயில் எடுக்காத கேள்வி. கையில் விளக்குமாறு இருந்ததைக்கூட மறந்து நின்றேன். வெளியே ஏதாவது கூவியதா என்பதே எனக்குக் கேட்கவில்லை.

"தெரியலீங்கம்மா" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. "அதத்தான் சாமி அன்னைக்கும் சொல்லீருக்கோணும்" என்றாள்.

 அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றேன்.

"உன்னயக் கேக்காம அவரு எப்பச் சுட்டாரு? உன்ற மேல கோவமில்ல. ஒரு புள்ளையக் கேட்டுப்போட்டுச் சுட்டாரே மனுசன். அதுதான் எனக்கு ஆறல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உன்ற குத்தம்னு நீ நெனச்சுக்குவயேன்னு அதையும் நான் அவருகிட்டக் கேக்கல" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

எனக்குத் தெரியக்கூடாது என்று அவளும், அவளுக்குத் தெரியக்கூடாது என்று அவரும் அந்த ஒரே விஷயத்தை மறைத்து வாழ்ந்திருக்கிறார்கள். சோறுங்கச் சொல்லு, மாடு போச்சுன்னு சொல்லு என்று இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவள் நான். ஒரே ஒரு தடவை வேறு ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர்கள் இருவரும் பேசியிருப்பார்கள்.

அன்று எழுந்து போனதற்குக் காரணம் இதுதான். மெஷினை மறுபடி மாட்டிக்கொள்கிறேன். மகன் வாங்கிக் கொடுத்தது, உங்கள் வம்பையும் கேட்க வேண்டும். சரிவில் எது கூவினாலும் என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். கேட்டாலும், தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.